தட்டிப் பார், தொட்டுப் பார்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தொழிற்கல்வியில் பாடத்திட்டத்தை எப்படி அமைப்பது, கற்றதை எப்படி மதிப்பிடுவது என்பது பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். தமிழ் அறக்கட்டளை மேடைகளில் சங்க இலக்கியம் கேட்டிருக்கிறேன், பக்தி இலக்கியம் கேட்டிருக்கிறேன். கைத்தொழிலைச் சொல்லிக்கொடுத்த ஒருவனுக்கு அதே மேடையைக் கொடுத்ததற்கு முதலில் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

இந்த உரைக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்த நாள்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சிங்கப்பூரின் ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் திடலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு தம்பி ஊருக்குப் பேசிவிட்டுக் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். புதுக்கோட்டைப் பக்கம். வந்து ஆறு வருடம் ஆகிறதாம். என்ன வேலை என்று கேட்டேன்.

“இப்ப கம்பி கட்டுறேன் சார். ஆனா டெஸ்ட் அடிச்சது டைல்ஸுக்கு.”

‘டெஸ்ட் அடிப்பது’ என்ற சொல் தமிழ்நாட்டின் பல கிராமங்களில் இன்று சாதாரணமாகப் புழங்குகிறது. சிங்கப்பூரில் கட்டுமான வேலைக்கு வர வேண்டுமானால் பெரும்பாலானோர் நம் கட்டட, கட்டுமான ஆணையத்தின் திறன் தேர்வில் தேறிச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். அந்தத் தேர்வை நடத்த இந்தியாவிலும் பங்களாதேஷிலும் வேறு சில நாடுகளிலும் அங்கீகரிக்கப்பட்ட நிலையங்கள் உண்டு. தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் இடங்களும் கூடவே வளர்ந்தன. இந்தத் தம்பி அப்படி ஓர் இடத்தில் சில மாதம் தங்கிப் பழகியிருக்கிறார். தினமும் அதே அளவு சுவர், அதே அளவு தரை, அதே வெட்டு. ஒட்டிய கல்லைச் சாயங்காலம் பெயர்த்தெடுத்துக் கழுவி மறுநாள் அதே கல்லை மறுபடி ஒட்டினார்களாம்.

“தட்டிப் பாத்தா உள்ள காத்து நிக்குதான்னு தெரியும் சார். எங்க மாமா கொத்தனாரு, சின்ன வயசுலயே சொல்லிக் குடுத்தாரு. அங்க சொல்லிக் குடுத்தவரு, அதெல்லாம் வேணாம், ரசமட்டத்துக்குத்தான் மார்க்கு, அத மட்டும் பாருன்னுட்டாரு.”

அந்தப் பயிற்சியாளர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. தன்னிடம் வந்த பிள்ளைகள் தேற வேண்டும், கடன் வாங்கிக் கட்டிய பணம் வீணாகக் கூடாது என்று நினைத்திருப்பார். நாற்பதாண்டு அனுபவத்தில் நான் கண்டதையே அவரும் கண்டிருக்கிறார். பாடத்திட்டம் என்று ஒரு தடித்த புத்தகத்தை யார் எழுதினாலும், பட்டறைக்குள் உண்மையான பாடத்திட்டத்தை எழுதுவது தேர்வுதான். தேர்வு எதை அளக்கிறதோ அதைத்தான் ஆசிரியர் நடத்துவார், மாணவர் படிப்பார். ரசமட்டத்துக்கு மதிப்பெண் இருந்து தட்டிப் பார்ப்பதற்கு இல்லையென்றால், ஒரு தலைமுறை தட்டிப் பார்க்க மறந்துவிடும்.

இந்த விஷயம் எனக்குப் புத்தகத்திலிருந்து வந்ததில்லை. என் அப்பாவிடமிருந்து வந்தது.

அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஃபிட்டர். வைஸில் இரும்பைப் பிடித்து அரத்தால் ராவி, இரண்டு துண்டு ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்பதைப் பெருவிரல் நகத்தால் தடவியே சொல்லிவிடுவார். 1968 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசாங்கம் 1971-க்குள் படைகளை விலக்கிக்கொள்ளப்போவதாக அறிவித்தது. அப்போது நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களைச் சார்ந்திருந்தது. தளத்தை நம்பியிருந்த தமிழ், மலையாளிக் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வேலை போனபின் அப்பா ஒரு கப்பல் பட்டறையில் ஆள் எடுக்கிறார்கள் என்று போனார். செய்முறைத் தேர்வில் அவர் ராவிய துண்டை மேற்பார்வையாளர் மற்றவர்களுக்கு எடுத்துக் காட்டினாராம். அடுத்து ஒரு தாள் கொடுத்தார்கள், ஆங்கிலத்தில். அப்பாவுக்கு எண்கள் வாசிக்க வரும், வரைபடம் வாசிக்க வரும், வாக்கியம் வாசிக்க வராது. உதவியாளராக, தினக்கூலிக்கு எடுத்துக்கொண்டார்கள். பல வருடம் அப்படியே ஓடியது. அப்பா இதைப் பற்றிக் கோபமாகப் பேசி நான் கேட்டதில்லை. “வேலை தெரியும்னு அவங்களுக்கும் தெரியும்டா, எழுதி வைக்க இடமில்ல” என்பார். அந்த வாக்கியத்தைத்தான் என் வேலைக்காலம் முழுக்கச் சுமந்துகொண்டு திரிந்தேன். எழுதி வைக்க ஓர் இடம் உண்டாக்குவதுதான் மதிப்பீடு என்று நான் நம்புகிறேன்.

அரசாங்கம் அன்று ஓடிய ஓட்டம் சாதாரணமானதன்று. 1968-லேயே கல்வி அமைச்சுக்குள் தொழில்நுட்பக் கல்விக்கென்று தனித் துறை வந்தது. 1973-ல் தொழிற்பயிற்சி வாரியம். 1979-ல் அதையும் முதியோர் கல்வி வாரியத்தையும் சேர்த்து ஒரே வாரியமாக்கினார்கள். 1992 ஏப்ரல் 1-ஆம் தேதி அதன் இடத்தில் தொழில்நுட்பக் கல்விக் கழகம், நாமெல்லாம் ஐடிஇ என்று சொல்வது, பிறந்தது.

இந்த வரிசையில் அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்ல வேண்டும். வகுப்புக்கே வராத ஒருவர், வேலை அனுபவத்தை மட்டும் வைத்துக்கொண்டு நேராக வந்து தேர்வு எழுதித் தேசியத் தொழிற்சான்றிதழ் பெற வழி இருந்தது. மூன்றாம் நிலை தொடக்கம், முதல் நிலை உச்சம். எங்கே கற்றாய் என்று கேட்காமல், செய்து காட்டு என்று மட்டும் கேட்கும் தேர்வு அது. பிற்பாடு உலகம் ‘முன்கற்றலை ஏற்றல்’ என்று பெரிய பெயர் வைத்துப் பேசிய காரியத்தின் எளிய வடிவம்.

1983-ல் வேலை செய்கிறவர்களுக்கு ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக்கொடுக்கும் ‘பெஸ்ட்’ திட்டம் தொடங்கியது. தொடக்கப்பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள் வேலை முடிந்து வந்து உட்கார்ந்தார்கள். அப்பாவும் ஐம்பதை நெருங்கும் வயதில், எண்ணெய்க் கறை போகாத விரல்களோடு, அந்த வகுப்பில் உட்கார்ந்தார். பாடத்தைச் சின்னச் சின்னப் பகுதிகளாக வெட்டியிருந்தார்கள். ஒரு பகுதியில் தேறினால் அது தேறியதுதான். ஓவர்டைம் வந்து மூன்று மாதம் விட்டுப்போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பகுதி பகுதியாகப் பாடம் அமைப்பதைக் கல்வியாளர்கள் பல காரணம் சொல்லி ஆதரிப்பார்கள். எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றே. ஷிஃப்ட் வேலை பார்க்கும் மனிதரின் வாழ்க்கை பகுதி பகுதியாகத்தான் இருக்கிறது.

நான் அந்த எண்பதுகளில்தான் வாரியத்தில் பயிற்றுநராகச் சேர்ந்தேன். குளிர்சாதன வேலை என் பாடம். பாடத்திட்டம் எப்படி எழுதப்படுகிறது என்பதை முதன்முதலாக அருகில் பார்த்ததும் அங்கேதான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

‘டேக்கம்’ என்று ஒரு முறை. 1960-களின் பிற்பகுதியில் கனடாவில் உருவாகி, பிற்பாடு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் வழியாக உலகெங்கும் பரவியது. வட அமெரிக்காவின் சமூகக் கல்லூரிகள் பலவும் அதைப் பின்பற்றின, நாமும் பின்பற்றினோம். அதன் அடிப்படை நம்பிக்கை அழகானது. ஒரு வேலையை நன்றாகச் செய்கிறவர், அந்த வேலை என்ன என்பதை வேறு எவரையும்விடச் சரியாகச் சொல்வார். பேராசிரியர் வேண்டாம், அதிகாரி வேண்டாம். கைதேர்ந்த ஐந்திலிருந்து பன்னிரண்டு பேரை ஓர் அறையில் இரண்டு நாள் உட்கார வையுங்கள். நடத்துபவர் கேட்டுக்கொண்டே போவார். அவர்கள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு பணியையும் ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். பெரிய பொறுப்புகள் இடப்பக்கம், அவற்றுக்கான பணிகள் வலப்பக்கம் வரிசையாக. இரண்டாம் நாள் மாலை அந்தச் சுவரைப் பார்த்தால் ஒரு தொழில் முழுவதும் கண் முன்னால் நிற்கும். அதிலிருந்துதான் பாடம், பாடத்திலிருந்துதான் தேர்வு.

ஒவ்வோர் அட்டையும் ஒரு வினைச்சொல்லில் தொடங்க வேண்டும், அதை யாராவது பார்த்து ‘செய்தார்’ என்று சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது விதி. ‘குழாயைப் பற்றவை’, ‘அழுத்தத்தை அள’. நல்ல விதிதான். ‘அறிந்திரு’, ‘புரிந்துகொள்’ என்று வழுக்கும் சொற்கள் வராமல் அது காக்கிறது.

ஆனால் ஒரு நாள் இது நடந்தது. குழுவில் ஒரு மூத்த மெக்கானிக், தமிழர், இரண்டு நாளும் அதிகம் பேசாதவர். பழுதைக் கண்டுபிடிப்பது பற்றிப் பேச்சு வந்ததும், “கம்ப்ரசரோட சத்தத்தைக் கேட்டாலே பாதி தெரிஞ்சிடும். குழாயில கை வச்சா மீதி” என்று என்னிடம் தமிழில் சொன்னார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். நடத்தியவர் யோசித்தார். கேட்பது ஒரு பணியா? கை வைப்பது ஒரு பணியா? எதைச் செய்து முடித்தால் அது முடிந்ததாகும்? கடைசியில் அதைப் பணி வரிசையில் வைக்காமல், அறிவு, கருவி, குணம் என்றெல்லாம் ஓரமாக எழுதும் துணைப் பட்டியலில் சேர்த்தார்கள். துணைப் பட்டியலிலிருந்து யாரும் தேர்வு தயாரிப்பதில்லை. அதனால் அது பாடமாகவும் ஆகவில்லை. அந்தப் பெரியவருக்கு நாற்பது வருடப் படிப்பாக இருந்தது, எங்கள் சுவரில் ஓர் ஓரத்து வரியாகிப்போனது. நடத்தியவர் விதிப்படிதான் செய்தார். நானும் அன்று வாதாடவில்லை. வாதாடியிருக்க வேண்டும்.

ஐடிஇ காலத்தில் நிறைய மாறியது, பெரும்பாலும் நல்லதாக. செய்முறைக்கு ஏறக்குறைய எழுபது பங்கு, கோட்பாட்டுக்கு முப்பது என்ற கணக்கு நிலைத்தது. திட்டமிடு, ஆராய், பழகு, செய்து காட்டு என்ற நான்கு படிகளில் பாடம் நடத்தப் பயிற்றுநர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கழகத்தை 1992 முதல் 2007 வரை வழிநடத்திய லா சொங் செங், சிதறிக் கிடந்த சிறு நிலையங்களை மூன்று பெரிய கல்லூரிகளாக்கும் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். சீமேயில் கிழக்குக் கல்லூரி 2005-ல், சுவா சூ காங்கில் மேற்கு 2010-ல், அங் மோ கியோவில் மத்தியக் கல்லூரி 2013-ல். பழைய பட்டறைக் கொட்டகையில் பாடம் எடுத்துவிட்டு சீமே வளாகத்துக்குள் முதல் நாள் நுழைந்தபோது, நம் பிள்ளைகளை மதித்துக் கட்டியிருக்கிறார்கள் என்று தோன்றியது. கட்டடமும் ஒரு பாடம்தான்.

பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் இரண்டைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். முதலாவதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1972-ல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் இந்தியாவின் டாட்டா நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு பயிற்சி நிலையம் தொடங்கியது. நிறுவனம் ஆசிரியர்களையும் முறையையும் தரும், அரசாங்கம் செலவைப் பங்கிடும். அடுத்து ரோலை, ஃபிலிப்ஸ் நிறுவனங்களோடும், எண்பதுகளில் ஜெர்மனி, ஜப்பான், பிரான்ஸ் நாடுகளோடும் கூட்டு நிலையங்கள் வந்தன. நாடுகளோடு கூட்டாகத் தொடங்கியவை பின்னர் நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியோடு சேர்ந்தன. அங்கே வளர்ந்த ‘கற்பிக்கும் தொழிற்சாலை’ என்ற எண்ணத்தில் மாணவர் செய்வது உண்மையான வாடிக்கையாளருக்கான வேலை. பொருள் ஓடவில்லையென்றால் மதிப்பெண் பற்றிப் பேசவே வேண்டாம். 2002-ல் வந்த ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரி வேறு பாதையில் போனது. அதன் தொடக்க ஆண்டுகளில் ஒரு நாளைக்கு ஒரு சிக்கல். காலையில் கொடுப்பார்கள், ஐந்து பேர் கூடி உழைப்பார்கள், மாலையில் முடிவைச் சொல்ல வேண்டும், அன்றைக்கே மதிப்பீடு. ஆண்டு முழுக்கச் சும்மா இருந்துவிட்டுக் கடைசி வாரம் விழித்திருந்து எழுதித் தேறுவதற்கு அங்கே வழியில்லாமல் போனது. மதிப்பீட்டை மாற்றினால் மாணவரின் திங்கட்கிழமைகூட மாறும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

இனி மதிப்பீட்டுக்கு வருகிறேன். 2005-ல் வயதுவந்தோருக்கான ஊழியரணித் திறன் தகுதி முறை அறிமுகமானது. நாம் டபிள்யூஎஸ்கியூ என்று சொல்வது. அதில் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் கிடையாது. இரண்டே முடிவு. திறன் பெற்றவர், அல்லது இன்னும் பெறாதவர். இந்த ‘இன்னும்’ என்ற சொல்லை நான் மிகவும் நேசிக்கிறேன். ‘தோல்வி’ என்று எழுதினால் கதவு மூடுகிறது. ‘இன்னும்’ என்று எழுதினால் அடுத்த வாரம் வா என்று அர்த்தம். என் அப்பாவின் தாளில் அந்தச் சொல் இருந்திருந்தால் என்று பல முறை நினைத்திருக்கிறேன்.

அந்த முறையிலும் ஒரு குறை உண்டு. மதிப்பிடுகிறவர் கையில் ஒரு பட்டியல் இருக்கும். கையுறை அணிந்தாரா, சரி. மின்சாரத்தை அணைத்தாரா, சரி. முப்பது வரிக்கும் ‘சரி’ போட்டுக்கொண்டு வந்த பிறகும், இவரை என் வீட்டு மின்கம்பிகளைத் தொட விடுவேனா என்ற கேள்விக்குச் சில சமயம் ‘மாட்டேன்’ என்றுதான் மனம் சொல்லும். பட்டியல் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருப்பதால் நியாயம் கிடைக்கிறது. ஆனால் முழு வேலை அதில் அகப்படுவதில்லை. ஒருவர் இன்று மதிப்பிட்டாலும் நாளை மதிப்பிட்டாலும் ஒரே முடிவு வர வேண்டும் என்பது நம்பகம். அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறோமா என்பது பொருத்தம். நம்பகத்தைப் பட்டியல் தந்துவிடும். பொருத்தத்தைத் தருவது பார்க்கிறவரின் கண்.

சிராங்கூன் சாலையில் நகைக்கடைகளில் வேலை பார்த்த பழைய பத்தர்களைச் சிலர் இங்கே நினைவு வைத்திருப்பீர்கள். பொன்னை உரைகல்லில் தேய்த்து, அந்தக் கோட்டின் நிறத்தைப் பார்த்தே மாற்று சொல்வார்கள். கல் எல்லாருக்கும் ஒன்றுதான். கோட்டை வாசிக்கும் கண்ணைப் பழக்கப் பல வருடம் ஆகும். அந்தக் கல்லுக்குக் கட்டளைக்கல் என்றும் பெயர். வள்ளுவர் மனிதரை மதிப்பிடுவது பற்றிய அதிகாரத்தில் இந்தச் சொல்லை ஆள்கிறார், ஒருவர் செய்யும் வேலையையே கட்டளைக்கல்லாகச் சொல்கிறார். செய்முறைத் தேர்வுக்கு இதைவிடப் பழைய ஆதாரம் நமக்கு வேண்டாம்.

நாங்கள் இரண்டு பயிற்றுநர்கள் ஒரு முறை ஒரே மாணவனின் பற்றவைப்பைத் தனித்தனியாகப் பார்த்து, ஒருவர் தேறினார் என்றும் மற்றவர் இல்லையென்றும் எழுதினோம். சங்கடமாக இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தேர்வுக்கும் முன்னால் பழைய மாதிரிகளை மேசையில் பரப்பி, எது சரி, எது இல்லை, ஏன் என்று ஒரு மணி நேரம் வாதாடும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டோம். அந்த ஒரு மணி நேரம் எங்களுக்கு எந்தப் பயிலரங்கையும்விட அதிகம் கற்றுக்கொடுத்தது. வினாத்தாளைச் செப்பனிட ஒதுக்கும் நேரத்தில் பாதியை மதிப்பிடுகிறவரின் கண்ணைச் செப்பனிட ஒதுக்குங்கள் என்று எல்லாக் கல்லூரி நிர்வாகங்களையும் கேட்டுக்கொள்வேன்.

எதை அளப்பது என்று தமிழ்நாட்டுப் பக்கமும் யோசித்தவர்கள் இருக்கிறார்கள். 1995-ல் புதுச்சேரியிலும் 1996-ல் சென்னையிலும் சமூகக் கல்லூரிகள் தொடங்கின. சென்னையில் அதை நடத்தியது சென்னை-மயிலைக் கத்தோலிக்க உயர்மறைமாவட்டம். பள்ளியை விட்டு வெளியேறிய, வழக்கமான கல்லூரிக்குள் நுழைய முடியாத இளைஞர்களுக்காக வந்தவை. தொழில்திறனோடு வாழ்க்கைத் திறனையும் பாடமாக வைத்தார்கள். ஒரு தொழிலகத்தில் நேரடியாக வேலை பழகுவதும் படிப்பின் பகுதி. ஒரு பெண் நேர்காணலில் தலை நிமிர்ந்து பேசினாள் என்பதையும் கற்றல் விளைவாக எண்ணிய துணிவு எனக்குப் பிடிக்கும்.

இப்போது மொழி. என் உரையின் மையம் இதுதான்.

கட்டுமானத் தளத்துக்குள் நுழையும் முன் எடுக்க வேண்டிய பாதுகாப்புப் பயிற்சி நம் நாட்டில் தமிழிலும் நடக்கிறது. இது பெரிய காரியம். உயிர் பற்றிய பாடத்தை ஒருவருக்கு அவர் மொழியில் சொல்ல வேண்டும் என்று இந்த நாடு ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த நியாயத்தைத் திறன் மதிப்பீட்டின் ஒவ்வொரு படிக்கும் நீட்ட வேண்டும் என்பது என் கோரிக்கை. உயர்திறன் தகுதி பெற்ற வெளிநாட்டு ஊழியருக்கு முதலாளி கட்டும் தீர்வை குறைவு. 2025 நடுப்பகுதி வரை, அவர் மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் இங்கே வேலை பார்க்கவும் வழி இருந்தது. ஆக ஒரு தேர்வின் முடிவு, ஊரில் ஒரு வீட்டின் கூரை வரைக்கும் போகிறது. அந்தத் தேர்வு வெல்டரின் வெல்டிங்கைத்தான் அளக்க வேண்டும், அவருடைய ஆங்கில வாசிப்பை அன்று. எழுத்துத் தாளுக்குப் பதில், பட்டறையில் அவர் பக்கத்தில் நின்று, ‘ஏன் இப்படிச் செய்தாய்?’ என்று வாய்மொழியாக அவர் மொழியில் கேட்கலாம். இப்படிக் கேட்கக்கூடிய தமிழ் தெரிந்த மதிப்பீட்டாளர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள்.

மொழிபெயர்த்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் தயாரித்த பாடத்தைத் தமிழாக்கினால், அந்தக் குளிர்சாதன மெக்கானிக்கின் காது மறுபடியும் ஓரத்துப் பட்டியலுக்கே போகும். ஓய்வு பெற்றபின் ஒரு நாள் இதை யோசித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று பிடிபட்டது. தமிழில் ‘பார்’ என்று ஒரு துணைவினை இருக்கிறது. தட்டிப் பார். தொட்டுப் பார். கேட்டுப் பார். முகர்ந்து பார். அசைத்துப் பார். கலவையைக் கையில் எடுத்துப் பிசைந்து பார். ஒரு செயலைச் செய்து, அதனால் தெரியவருவதைக் கொண்டு முடிவு செய் என்று அந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது. செயலும் சோதனையும் தீர்ப்பும் ஒரே வினைக்குள். அட்டையில் வினைச்சொல் வேண்டும் என்று அன்று கேட்டார்கள். அந்தப் பெரியவர் என்னிடம் சொன்னதைத் தமிழில் அப்படியே எழுதியிருந்தால், ‘கம்ப்ரசரைக் கேட்டுப் பார்’, ‘குழாயைத் தொட்டுப் பார்’ என்று இரண்டு அட்டை சுவரின் நடுவில் ஏறியிருக்கும். யாராவது பக்கத்தில் நின்று பார்க்கலாம், எது பழுது என்று கேட்கலாம், சொன்னது சரியா என்று திறந்து சரிபார்க்கலாம். அதைவிடத் தெளிவாக மதிப்பிடக்கூடிய பணி உண்டா? நான் ஆங்கிலத்தில் சொல்லியதால் இழந்தேன்.

நம் பெற்றோரிடம் ஒரு வார்த்தை. ஐடிஇ என்ற மூன்று ஆங்கில எழுத்துக்கு ‘இத்தோடு முடிந்தது’ என்று பொருள் சொல்லிப் பிள்ளைகளைக் கேலி செய்த காலம் ஒன்று இருந்தது. ஏறக்குறைய நால்வரில் ஒரு பிள்ளை போகும் இடத்தை அப்படிச் சொன்னோம். அந்தக் காலம் நகர்ந்துகொண்டிருக்கிறது. மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல் ஈடுபாட்டைப் பார்த்து முன்கூட்டியே சேர்க்கும் முறை பலதுறைத் தொழிற்கல்லூரிகளுக்கும் ஐடிஇக்கும் வந்துவிட்டது. நான்கு வருடம் எடுத்த உயர் நைட்டெக் படிப்பை மூன்று வருடமாகச் சுருக்கி 2022 முதல் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். 2024-ல் உயர்நிலைப் பள்ளிகளில் பழைய வகுப்புப் பிரிவுகளை எடுக்கத் தொடங்கினார்கள். அதே ஆண்டு, முப்பது வயதுக்குள் டிப்ளோமாவில் சேரும் ஐடிஇ பட்டதாரிக்கு 5,000 வெள்ளியும், முடித்தால் மத்திய சேமநிதியில் 10,000 வெள்ளியும் தரும் திட்டம் அறிவிக்கப்பட்டது. இவ்வளவுக்குப் பிறகும் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்தப் பழைய கேலி உயிரோடு இருந்தால் அதை அணைக்க வேண்டியது நாம்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இந்த அறக்கட்டளைக்கு. அடுத்த ஆண்டு என்னைப் போல் இன்னொருவரை மேடை ஏற்றும் செலவை ஒரு முறை வேறு விதமாகச் செய்து பார்க்கலாமா? ஒரு தொழிலுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போதும். தேக்காவிலிருந்து நடக்கும் தூரத்தில் ஓர் அறை. டைல்ஸ் ஒட்டுகிறவர், கம்பி கட்டுகிறவர், சாரம் கட்டுகிறவர், வெல்டர், பிளம்பர் என்று ஒவ்வொரு வேலைக்கும் பத்துப் பன்னிரண்டு வருடம் கைப்பழக்கம் உள்ள எட்டுப் பேர், ஒரு தடவைக்கு ஒரு தொழில். அவர்களுக்கு அந்த நாள் ஓவர்டைம் போகும், ஆகவே அதற்கு ஈடான பணம் கொடுக்க வேண்டும். சாப்பாடு, தேநீர். நான் நடத்துகிறேன், கூலி வேண்டாம். எல்லாம் தமிழில் நடக்கும், அவர்கள் பேசும் தமிழில், ஊர் வழக்கோடு, சைட்டில் கலந்துவிட்ட மலாய், சீனச் சொற்களோடு. வந்த அட்டைகளைத் தொகுத்து, ஆங்கிலத்தில் விளக்கக் குறிப்போடு, பாடத்திட்டம் தயாரிக்கிறவர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்போம்.

புதுக்கோட்டைத் தம்பியிடம் கேட்டுவிட்டேன். ஞாயிறு என்றால் வருகிறேன் என்றார், அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேரையும் கூட்டி வருவாராம். அறையில் மேசை எத்தனை என்பது முக்கியமில்லை. ஒரு பக்கமாவது ஜன்னல் இல்லாத நீளச் சுவர் இருக்க வேண்டும். குறைந்தது இருபது அடி.